ஜௌபர் நானா தேநீர் கொடுத்தார்

மடுல்சீமையில் ஜௌபர் நானா யாருக்காவது தேநீர் கொடுத்தால், குடிப்பவர் வீட்டில் ஒருவர் செத்துவிட்டார் என்று அர்த்தம்.

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். பஸார் முனையில் அவருடைய தொலைபேசிக் கடை. 1998இல் சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் அந்த ஒரு தொலைபேசிதான். கொழும்பிலிருந்தும் குவைத்திலிருந்தும் வருகிற கெட்ட செய்தியை முதலில் கேட்பவர் அவர். திடுக்கிட்ட உடம்புக்குச் சீனி வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் ஆளை உட்காரவைத்து, பாலில்லாமல் மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீயைக் கையில் கொடுத்து, பாதி குடித்த பிறகுதான் விஷயத்தைச் சொல்வார். நல்ல ஏற்பாடு. இரண்டு வருடத்தில் ஊருக்கே அது தெரிந்துவிட்டது. கோப்பையைக் கண்டதுமே ஆட்கள் மயங்கி விழத் தொடங்கினார்கள்.

அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் ஒன்றரை வருடம். கடைசி மூன்று மாதமாக அழைப்பும் இல்லை, கடிதமும் இல்லை. பதுளையில் படித்துக்கொண்டிருந்த என்னிடம் யார் விசாரித்தாலும், முகம் மாறாமல், "அங்க ஒரு ஷேக் அவங்களைத் தத்தெடுத்துட்டாரு" என்பேன். பயத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து அந்தக் கிண்டல் ஒன்றுதான். அதுவரை அது வேலையும் செய்தது.

ஊருக்கு வந்திருந்த அந்தச் சனிக்கிழமை அப்பாவின் தங்கை மாரியாயி அத்தையோடு கடையைக் கடந்தேன். உள்ளே நானா ரிசீவரைக் காதில் வைத்துச் சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "மகன், வாங்க! இதுல உக்காருங்க" என்றார். மறு கை பிளாஸ்கைத் திறந்தது.

கோப்பை என் கைக்கு வந்துவிட்டது. சுட்டதா என்று ஞாபகமில்லை. கிண்டலுக்கு ஷேக்கைத் தேடினேன். ஆள் இல்லை.

"எதுக்கு நானா டீ?" என்றாள் அத்தை.

"பொறுங்க தங்கச்சி, பேசி முடிச்சிட்டுச் சொல்றேன். மகன், நீங்க குடிங்க."

அவ்வளவுதான். "ஐயோ, என் அண்ணீ!" என்று அத்தை தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். பஸார் திரண்டது. மீன்காரர் கத்தியோடு வந்து நின்றார். யாரோ என் தலையைத் தடவினார்கள். "மாடியில இருந்து விழுந்துருச்சாம்" என்று ஒருவர் விவரமே கொடுத்தார். நானும் அதை நம்பினேன்.

நானா ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். "என்ன இது, யாரு மௌத்து?"

அதற்குள் தொலைபேசி அடித்தது. நானா எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"உங்க உம்மாதான் மகன்! நாலு மணிக்கு கோல் எடுக்கிறேன், புள்ளைய எப்படியாவது புடிச்சு வைங்கன்னு காலையில சொன்னாங்க. அதுக்குத்தானே டீ குடுத்தேன்?"

ரிசீவரை வாங்கினேன். அத்தையின் ஒப்பாரி எனக்கு முன்பே குவைத்துக்குப் போய்விட்டது.

"யாருடா அழுறது? அப்பாவா? அப்பாவுக்கு என்னடா ஆச்சு?"

'நான்தாம்மா செத்துட்டேன்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. அப்பா நல்லாருக்காரு." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"பொய் சொல்லாத! நீ அழுவ மாட்டியே. சொல்லுடா, அப்பாதானே?" அம்மாவின் குரல் உடைந்தது.

வாழ்நாளில் முதன்முறையாக நேராகப் பேசியிருக்கிறேன், நம்ப ஆளில்லை. ரிசீவரைப் பொத்தி மூக்கைத் துடைத்தேன். குரலைச் சரிசெய்தேன்.

"அம்மா, செத்தது நீதான். மாடியில இருந்து விழுந்துட்டியாம். பஸாரே வந்திருக்கு. மாரியாயி அத்தை உனக்காகத்தான் மாரடிக்குது, கேக்குதா?"



"மாரியாயியா? எனக்கா? ஒரு குண்டான் கேட்டதுக்கு ஆறு மாசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தவளா?"

அம்மா சிரித்தாள். நான் மூச்சு விட்டேன். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகப் போனது.

"மூணு மாசம் ரூம்ல பூட்டி வச்சிருந்தாங்க தம்பி. முந்தாநாள்தான் நம்ம நாட்டு எம்பசிக்கு ஓடி வந்தேன். செருப்புகூட இல்ல."

கடை வாசலில் இன்னும் கூட்டம். செருப்பைப் பற்றி ஒரு ஜோக் வாயில் தயாராக இருந்தது. நல்ல ஜோக். அதை விழுங்கிவிட்டு, அத்தையைக் கைகாட்டி அடக்கினேன். அம்மா அழுது முடிக்கட்டும் என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ம்" என்று மட்டும் சொன்னேன்.