துரைக்குத் தரை வேண்டும்

பதினாறு மாதமாகியும் துரை நடக்கவில்லை. நடப்பது இருக்கட்டும், நிற்கவே இல்லை. கீழே இறக்கினால், விமானம் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொள்வது போல இரண்டு கால்களையும் மடக்கிக்கொண்டு, தூக்கியிருப்பவரின் கழுத்தைக் கட்டிக்கொள்வான். துரை என்பது அவனுடைய பெயரல்ல. பிறந்த நாளிலிருந்து யாராவது ஒருவர் இடுப்பில்தான் பவனி வருகிறான் என்று அவனுடைய தாய்மாமன் கொடுத்த பட்டம்.

அந்த வீட்டில் தூக்குவதற்கு ஆள் பஞ்சமில்லை. வீடும் தையல்கடையும் ஒன்றுதான். முன்கூடத்தில் அப்பா தைப்பார். அவருடைய அக்கா பட்டன் வைத்து ஓரம் மடித்துத் தைப்பாள். தாய்மாமன் நீள மேஜையில் துணி வெட்டுவான். அளவெடுப்பதும், சொன்ன தேதிக்குத் துணி தராததற்கு வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அம்மாவின் பொறுப்பு. நான்கு பேருமே ஒரு கையால் வேலை செய்யப் பழகியிருந்தார்கள். மறு கையில் துரை.

குழந்தைகள் டாக்டரிடம் போவதற்கு அம்மா ஒருத்தியே போதும் என்றாள். அப்பாவும் அத்தையும் கூடவே கிளம்பினார்கள்.

டாக்டர் அம்மாள் துரையை விரிப்பில் உட்காரவைத்து, ஒரு சிவப்புக் கட்டையைக் கோப்பைக்குள் மறைத்தார். அவன் கோப்பையைத் தூக்கிக் கட்டையை எடுத்து வாயில் வைத்தான்.

"பந்து எங்க இருக்கு, காட்டு பார்ப்போம்."

"அதோ இருக்கே!" என்றாள் அத்தை.

"நான் அவனைக் கேட்டேம்மா."

"அவனுக்குத் தெரியும் டாக்டர். சொல்லத்தான் மாட்டான்."

டாக்டர் பொறுமையாக இடுப்பையும் முழங்காலையும் முதுகையும் அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வீட்ல ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தரையில விளையாடுவான்?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிள்ளையை அடுப்பில் உட்காரவைத்து எவ்வளவு நேரம் விளையாடவிடுவீர்கள் என்று கேட்டதுபோல அப்பா விழித்தார்.

"தரையிலயா? தரையெல்லாம் குண்டூசி டாக்டர். தையல்கடை."

"அப்போ கீழ விட்டதே இல்லையா?"

"தூங்கும்போது கட்டில்ல விடுவோம்" என்றாள் அத்தை, பெருமையாகவே.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சில குழந்தை ஒரு வயசுக்கு முன்னாடியே நடக்கும், சிலது ஒன்றரை வயசு வரைக்கும் எடுத்துக்கும். ரெண்டும் சரிதான். ஆனா நடக்கணும்னா முதல்ல கால் தரையைத் தெரிஞ்சுக்கணும் இல்லையா? ரெண்டு மாசம் பாருங்க. பிடிச்சுக்கிட்டாவது நிக்கணும். நிக்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். நரம்பு, தசை எல்லாம் பார்த்துடலாம்."

நரம்பு என்ற சொல் அம்மாவின் காதிலேயே தங்கிவிட்டது. எழுந்து கதவுவரை போனவள் திரும்பிவந்து, வந்ததோடு வந்ததாக மூத்தவளைப் பற்றியும் கேட்டாள். பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். எது கேட்டாலும் ஒன்றுமில்லை என்கிறாள்.

"சாப்பிடுறாளா? தூங்குறாளா? சிநேகிதிங்க இருக்காங்களா?"

"அதெல்லாம் உண்டு. எங்ககிட்ட மட்டும்தான் மூஞ்சியக் காட்டுறா."

"அது அந்த வயசோட வேலைம்மா. அவளுக்குக் கொஞ்சம் கதவு வேணும், இவனுக்குக் கொஞ்சம் தரை வேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர்கள் வீட்டில் குண்டூசி இல்லாத தரையாக மாற்றக்கூடியது ஒரே இடம், தாழ்ப்பாள் உள்ள கதவும் ஒன்றே ஒன்று. இரண்டும் வாடிக்கையாளர்கள் துணியைப் போட்டுப் பார்க்கும் ட்ரையல் ரூமில்தான் இருந்தன. ஒரு பெஞ்சு, ஒரு கண்ணாடி, நான்கு பேர் நின்றால் முட்டிக்கொள்ளும் இடம். அதைத்தான் மூத்தவள் தன் ராஜ்யமாக்கி வைத்திருந்தாள்.

வரும் வழியெல்லாம் அத்தை ஓயவில்லை. "என் பையன் பத்தாம் மாசமே ஓடினான்."

"ஓடி எங்க போனான் அண்ணி? இன்னிக்கும் உங்களைக் கேட்காம பக்கத்துத் தெருவுக்குப் போறதில்ல."

"என்னங்கடா இது, ஆஸ்பத்திரிக்குப் போனது பிள்ளைக்கா, எனக்கா?"

மறுநாள் அம்மா ட்ரையல் ரூமில் காந்தத்தைத் தரை முழுக்க இழுத்தாள். குண்டூசிகள் ஒட்டி அது முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து வந்தது. இரண்டு முறை கூட்டி, மூன்று முறை துடைத்து, கெட்டி விரிப்பு ஒன்றைப் போட்டாள். மூத்தவள் தன் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள்.

"அப்போ நான் எங்க போறது?"

"கூடத்துல இரேன். வீடு பூரா உன்னுதுதானே?"

"கூடத்துலயா? அங்க நான் மூச்சு விட்டாக்கூட அத்தை ஏன்னு கேட்கும்."

"ஏன் அப்படிச் சொல்றே?" என்றது கூடத்திலிருந்து அத்தையின் குரல்.

மூத்தவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடிப்படித் திருப்பத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதன்பிறகு அவளிடமிருந்து "ஒண்ணுமில்ல" என்ற பதில்கூட வரவில்லை.

முறை வைத்து ஒருவர் துரையோடு உள்ளே உட்காருவது, அவனைத் தூக்கக் கூடாது என்று ஏற்பாடு. ஏற்பாடு ஒரு வேளைகூடத் தாங்கவில்லை. முதலில் போன மாமன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"அழுதானே அக்கா!"

"அழலைடா. முனகினான். எனக்குக் கேட்டுச்சு."

"முனகினா அடுத்தது அழுகைதானே? எதுக்கு அதுவரைக்கும் காத்திருக்கணும்?"

அப்பா அவனுக்குக் கண்ணாடி காட்டுகிறேன் என்று தூக்கினார். அத்தை அவனுக்குக் குளிருகிறது என்று தூக்கினாள். பிறகு வியர்க்கிறது என்று தூக்கினாள். அம்மா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கட்டி உட்காருவாள். வெளியே ஆள் வந்து கூப்பிட்டால் எழுந்து போகவேண்டும். திரும்பி வரும்போது விரிப்பு காலியாக இருக்கும், துரை யாரோ ஒருவர் இடுப்பிலிருந்து அவளைப் பார்த்துச் சிரிப்பான்.

ஒரு மாதம் கழித்து அவன் உட்கார்ந்தபடியே பின்புறத்தால் நகரத் தொடங்கினான். ஒரு கையைத் துடுப்புபோலப் போட்டு விரிப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தான். அம்மாவுக்கு உயிர் வந்தது. அத்தைக்கு உயிர் போனது.

"எந்தப் பிள்ளை இப்படிப் போகும்? தவழத்தானே செய்யும்? இது என்ன படகா?"

டாக்டருக்குப் போன் போட்டார்கள். தவழாமல் இப்படியே நகரும் குழந்தைகளும் உண்டு, அவர்கள் நடக்கச் சற்றுத் தாமதமாகும், பயப்படவேண்டாம் என்றார். அம்மா அதை எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டு முறை சொன்னாள். போனில் பேசுகிறவர்களுக்கு என்ன தெரியும் என்றாள் அத்தை.

ஆனால் நிற்பது என்ற பேச்சே இல்லை. பெஞ்சைப் பார்த்துக் கையை நீட்டினால் பெஞ்சில் இருப்பது அவன் கைக்கு வந்துவிடுகிறது. பிறகு அவன் எதற்கு எழுந்திருக்க வேண்டும்? இதை அம்மா ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். எடுத்தும் கொடுத்தார்கள்.

டாக்டர் சொன்ன கெடு முடிய ஒரு வாரம் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், கடை முழுக்கச் சீருடைக் கூட்டம். ஒரு பையனின் தோளில் டேப்பை வைத்தபடி அம்மா திரும்பிக் கேட்டாள்: "துரை யார்கிட்ட இருக்கான்?"

"உன்கிட்டதானே?" என்றார் அப்பா.

"அண்ணிகிட்ட இல்ல?"

"நான் உன் தம்பிகிட்டல்ல கொடுத்தேன்!"

"நான் உள்ள உட்கார வச்சுட்டுக் கத்திரி எடுக்க வந்தேன்..." என்றான் மாமன்.

ட்ரையல் ரூம் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அத்தை இரண்டு கையாலும் தட்டினாள்.

"வேலை இருக்கு. அப்புறம் வாங்க" என்றது மூத்தவளின் குரல்.

"அடியே, துரை உள்ளயா?"

"ம்."

"என்ன பண்றான்?"

"தெரியல. நான் பார்க்கல."

"பிள்ளையப் பார்க்காம அப்படி என்னடி வேலை உனக்கு? கதவைத் திற!" அப்பாவின் குரலுக்குக் கூட்டமே திரும்பிப் பார்த்தது.

கதவு ஒரு சாண் திறந்தது. மூத்தவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு காலால்தான் அதைத் தள்ளியிருந்தாள். தாழை எடுத்த கை மறுபடி நோட்டில் படம் வரையப் போய்விட்டது. அவளுக்கு அந்தப் பக்கம் துரை நின்றுகொண்டிருந்தான். பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, பாதங்களை அகட்டி வைத்து, பூகம்பத்தில் மாட்டிக்கொண்டவன்போல ஆடியபடி நின்றான். பெஞ்சின்மேல் பென்சில் டப்பா இருந்தது.

அம்மா கதவிடுக்கில் குனிந்து கேட்டாள்: "எப்போலேர்ந்து நிக்கிறான்?"

"அப்பவே. டப்பா வேணுமாம். ஊ ஊன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். எனக்குக் கலர் பண்ண வேண்டியிருந்துச்சு, நான் எடுத்துத் தரல." பிறகு எரிச்சலோடு, "என்ன இப்போ? அதுக்கும் திட்டா?"

"ஐயோ, கால் வலிக்குமே, என் தங்கம்!" என்று அத்தை கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தாள். அம்மா கதவைத் தள்ளிச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"யாரும் உள்ள போக வேணாம்."

"ட்ரையல் பார்க்க ஆள் நிக்குதும்மா" என்றார் அப்பா.

"மாடிப்படிகிட்ட ஒரு திரையைக் கட்டுங்க. இனிமே சாயங்காலம் இந்த ரூம் இவங்க ரெண்டு பேருக்கும்தான்."

"அவ பார்த்துக்கவே மாட்டாளேம்மா" என்றாள் அத்தை, அழாத குறையாக.

"அதனாலதான் அண்ணி."

உள்ளே 'தொப்' என்று சத்தம் கேட்டது. பிறகு அலறல். மூன்று பேர் ஒரே நேரத்தில் முன்னால் வந்தார்கள். அம்மாவின் கை அவளை அறியாமல் பின்னால் போய்க் கைப்பிடியைப் பற்றியது. திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"எந்திரிடா" என்றது உள்ளிருந்து மூத்தவளின் சலித்த குரல். "விழுந்தா எந்திரிக்கணும். என்னைப் பார்த்து என்ன ஆகப்போகுது?"

அலறல் விம்மலாகி, விம்மல் முனகலானது. பெஞ்சு ஒருமுறை கிறீச்சிட்டது. பென்சில்கள் தரையில் சிதறும் ஓசையும், "டேய், அது என்னோடது!" என்ற கத்தலும் ஒன்றாகக் கேட்டன.