ஆயிரத்து ஒன்பதில் ஒருத்தி

டிரில் மாஸ்டர் சுண்ணாம்புக் கோட்டைச் செருப்பால் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி விசிலை ஊதினார். மொத்தப் பள்ளிக்கூடமும் வெயிலில் காய்ந்தது. ஆண்டு விழா அணிவகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே செவ்வகமாக, ஓர் இடம்கூடக் காலியில்லாமல் நிற்க வேண்டுமாம். இருபது வரிசை போட்டுப் பார்த்தார். இருபத்தைந்து போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் யாராவது மிஞ்சினார்கள்.

"என்ன டீச்சர், எப்படிப் பிரிச்சாலும் மிச்சம் வருது?" என்று கணக்கு டீச்சரான என்னிடம் கேட்டார்.

"மொத்தப் பிள்ளைங்க ஆயிரத்து ஒன்பது. அது பகா எண் சார். தலைகீழா நின்னாலும் சமமாப் பிரியாது."

"அப்போ ஒண்ணைக் கழிச்சிடுவோம். இருபத்தெட்டு வரிசை, வரிசைக்கு முப்பத்தாறு பேர். கச்சிதம்!"

யாரைக் கழிப்பது என்று அந்த மனுஷன் யோசிக்கக்கூட இல்லை. கை நேராக என் அக்கா மகளைக் காட்டியது. "வாலு, நீ போய் பெஞ்சுல உட்காரும்மா. உனக்குக் கால் வலிக்கும்."

வாலுவுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். வலியெல்லாம் கிடையாது. தினமும் சாயங்காலம் வீட்டு நாற்காலிகளை ஓரம்கட்டிவிட்டு, "சித்தி, நான் சரியாத் திரும்புறேனா பாருங்க" என்று என் உயிரை வாங்கியவள். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

நேராக ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய்த் தாளில் படம் போட்டுக் காட்டினேன். "சார், இதை ஒரே செவ்வகமா நிறுத்த முடியாது. ஆனா ரெண்டு சதுரமா நிறுத்தலாம். பெருசு இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு, சின்னது பதினஞ்சுக்குப் பதினஞ்சு. ரெண்டையும் கூட்டுனா ஆயிரத்து ஒன்பது. ஒரு பிள்ளைகூட வெளியே நிக்க வேண்டாம்."

"உங்க கணக்கைக் கிளாஸோட வச்சுக்குங்கம்மா. சீஃப் கெஸ்ட் பார்த்தா ஒரே கட்டா இருக்கணும். ஒரு பொண்ணு நிக்கலைன்னா குடியா முழுகிடும்?"

ஒரு பொண்ணு! அவள் இருக்கும்வரை அந்த எண்ணை எவனாலும் வெட்ட முடியவில்லை. அவளைத் தள்ளியதும் இரண்டாலும் மூன்றாலும் ஏழாலும் கூறுபோட வசதியாகிவிட்டது. தாளைக் கசக்கி அவர் மேஜையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

விழாவன்று எல்லாரும் வரிசையில் நின்ற பிறகு ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வாந்தியெடுத்தான். அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். முன்வரிசை நடுவில் பொக்கைப்பல் மாதிரி ஓர் இடைவெளி. சீஃப் கெஸ்டின் கார் வாசலுக்கே வந்துவிட்டது. டிரில் மாஸ்டர் மூச்சிரைக்க பெஞ்சுக்கு ஓடிவந்தார்.

"வாலு, எழுந்து வாம்மா! முன்வரிசை. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, கண்ணு!"

இப்போது மட்டும் கண்ணாம்! வாலு என்னைப் பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குக் கால் வலிக்குது, சார்."

அவர் வாயைத் திறப்பதற்குள் மேடையில் டிரம் முழங்கியது. ஓட்டையோடு அந்தச் செவ்வகம் வலப்பக்கம் திரும்பியது. பெஞ்சில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வாலுவின் கால்களும் அதே தாளத்தில், பிசகாமல் திரும்பின. இடது கால் மண்ணில் ஒரு கோடு இழுத்தது.