அக்கா சொன்ன பன்மை

அவன் பிழைப்பு பல் செட் செய்வது. பித்து, கோதிக் மொழி. பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் சில ஏடுகளை மட்டும் விட்டுவிட்டு என்றோ மறைந்துபோன ஐரோப்பிய மொழி அது. சாகாமல் இன்றுவரை வந்திருந்தால் எப்படி ஒலிக்கும்? அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆறு வருடமாக நோட்டு நோட்டாக எழுதித் தள்ளினான்.

இஷ்டத்துக்கு வார்த்தை கட்டமாட்டான். எல்லாவற்றுக்கும் விதி உண்டு. பல்லுக்குக் கோதிக்கில் 'துந்துஸ்', பற்களுக்கு 'துந்த்யுஸ்'. நூற்றாண்டுகள் தேய்த்ததாக வைத்து, அவற்றை 'துந்த்', 'துஞ்சு' என்று ஆக்கியிருந்தான்.

கூடவே இருந்த அக்கா லிஃப்ட் மெக்கானிக். "துஞ்சுன்னா தூங்குறதுடா. டம்ளர்ல கிடக்குற பல் செட்டுக்குப் பொருத்தமான பேருதான்" என்று வாரிவிடுவாள். கிண்டலுக்காகச் சொல்லிச் சொல்லியே பல வார்த்தைகள் அவள் வாயில் ஒட்டிக்கொண்டன.

ஒருநாள் மத்தியானம் வேலையிலிருந்து வந்தவள் சமையலறைக் குழாயருகே கைகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"டேய், குழாயைத் திற. ஹஞ்சு பூரா கிரீஸ்."

திறந்துவிட்டவன் அப்படியே நின்றான். "என்ன சொன்ன?"

"கையெல்லாம் கிரீஸுன்னேன்."

"ஹஞ்சுன்னு நான் எங்கயும் எழுதலயேக்கா!"

"கைக்கு ஹந்த்னு நீதானே சொன்ன? துந்த், துஞ்சு. ஹந்த், ஹஞ்சு. வேற எப்படிடா வரும்?"

நோட்டில் கைகளுக்கு ஏதோ அவசரத்தில் 'ஹந்த்ஸ்' என்று போட்டுவைத்திருந்தான். ஓடிப்போய் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினான். 'ஹந்துஸ்', பன்மை 'ஹந்த்யுஸ்'. பல்லும் கையும் ஒரே சொல்லினம்! அவனுடைய விதிகளின்படியே வந்தால் 'ஹஞ்சு'தான். தப்பு அவனுடையது. அந்தப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள் சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

நோட்டோடு திரும்பி வந்து கேட்டான்: "ஒரு கால், ஃபோட். ரெண்டு கால்?"

வாய்க்குள் இரண்டு தரம் உருட்டிப் பார்த்தாள். "ஃபோச்சு?"

அதுவும் விதிப்படி சரி. ஆமாம் என்று தலையாட்டினான். அக்கா சிரிக்கவில்லை. யாரோ பக்கத்தில் வந்து நின்றதுபோல் ஒரு கணம் அசையாமல் இருந்தாள்.

"இதை நான் சொல்லலடா," என்றாள் மெல்ல. "தானா வந்துச்சு."

கழுவிய கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, முதல்முறையாக அந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"மூக்குக்கு என்ன?"

"இன்னும் கிடைக்கலக்கா."

"உட்காரு. தேடலாம்."