கொடிக்கம்பம் ஏழு அடி

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்குக் கணக்கு எடுக்க வந்த கொஞ்ச நாளிலேயே ஷைனிக்கு ஒன்று விளங்கிவிட்டது. இந்தப் பிள்ளைகள் மக்குகள் இல்லை, வியாபாரிகள். திருவள்ளூர் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் யேசுதாஸின் மகளுக்கு அது விளங்காமல் வேறு யாருக்கு விளங்கும்? “நீங்களே ஒரு வெல கேளுங்க” என்று சிரிப்பாரே தவிர, அப்பா முந்திக்கொண்டு விலை சொன்னதாகச் சரித்திரம் இல்லை. முதலில் வாயைத் திறந்தவன் பாதி தோற்றவன் என்பது அவர் வேதம்.

வகுப்பிலும் அதே வேதம்தான். கேள்வி கேட்டால் அத்தனை பேரும் உதட்டைத் தைத்துக்கொண்டு அடுத்தவன் முகத்தைப் பார்ப்பார்கள். காரணம் வரதன். போன வருஷம் தைரியமாக எழுந்து சொன்ன விடையில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டான். அன்றிலிருந்து பள்ளி இருக்கும் மணவாள நகர் முழுக்க அவன் பெயர் ‘மைனஸு’. கோபம் வந்தால் அவனைப் பெற்றவளே அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று கேள்வி. வாய் திறந்தவனுக்கு இந்தக் கதி என்றால் அப்புறம் எவன் திறப்பான்?

போணி ஆகாத கடையில் கடைக்காரன்தான் முதல் விலையைச் சொல்லியாக வேண்டும். அதுவும் கேட்டவனுக்குப் பற்றிக்கொண்டு வருகிற மாதிரி. மறுநாள் ஷைனி ஜன்னல் வழியாக மாடிமேல் இருந்த தண்ணீர் டேங்க்கைக் காட்டினாள்.

“அதுல மூணு லிட்டர் தண்ணி புடிக்கும்.”

ஆகாஷுக்குத்தான் முதலில் தாங்கவில்லை.

“இன்னா மிஸ், மூணு லிட்டரா? எங்க ஊட்டு குக்கரே அஞ்சு லிட்டரு!”

“சரி, ஒனக்காக ஆறுன்னு வெச்சுக்கோ.”

“கூசாம சொல்றீங்களே மிஸ்!”

ஆளாளுக்கு எகிறினார்கள். ஷைனி வைத்தது ஒரே சட்டம்: ஏலம் கேட்கிற மாதிரி யார் வேண்டுமானாலும் ஓர் எண்ணைச் சொல்லலாம், காரணத்தோடு சொல்ல வேண்டும். காரணம் இல்லாத எண் செல்லாக்காசு. டீச்சரே எல்லாரையும்விடப் பெரிய தப்பாகச் சொல்லிவிட்டதால், தப்பாகச் சொல்ல யாருக்கும் வெட்கமில்லை. அளந்து காரணம் காட்டுவதற்காக, நோட்டையே மறந்துவிட்டு வருகிறவன்கூட இன்ச் டேப்பை மறக்காமல் எடுத்து வர ஆரம்பித்தான். வகுப்பு போட்ட சத்தத்தில் காக்களூர் தொழிற்பேட்டையின் சங்கு அமுங்கிப்போனது.

தலைமையாசிரியர் சின்னதுரையின் காதில் அந்தச் சத்தம் தப்பாமல் விழுந்தது. பிள்ளைகள் முன்னாலேயே வந்து நின்றார்.

“டீச்சர், இது கிளாஸா, மீன் ஏலமா? வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு ஆபீசர் வராரு. அன்னிக்கு ஒரு சத்தம் கேட்டாலும் ‘பி’ செக்‌ஷன வேற ஆளுக்கு மாத்திடுவேன். இம்போசிஷன் எழுத வெச்சே கரையேத்தறவங்க இங்க இருக்காங்க.”

மிரட்டலுக்குக் கடையைச் சாத்துகிற வம்சம் இல்லை ஷைனியுடையது. “சரி சார்” என்றாள். அப்பா கடையில் அடிக்கடி சொல்கிற ‘சரி’தான். சம்மதம் மட்டும் அதில் இருக்காது.

வெள்ளிக்கிழமை ஆய்வு அலுவலர் வந்தார். ஒரு கேள்வி கேட்டார். மௌனம். அதைவிடச் சுலபமாக இன்னொன்று கேட்டார். அதற்கும் மௌனம். டீச்சரைக் காப்பாற்றுவதாக நினைத்து, விடை தெரிந்த பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரோஜா வாயைக் கையால் பொத்தியே வைத்திருந்தாள்.

“ஒருத்தருக்குமே ஒண்ணும் தெரியாதா?” என்றார் அலுவலர். வாசலில் நின்ற சின்னதுரையின் முகம் சுண்டியது.

சத்தம் போட்டாலும் வகுப்பு கைவிட்டுப் போகும், போடாவிட்டாலும் போகும். போகிறதுதான் என்றால் கடையைத் திறந்து வைத்துக்கொண்டே போகட்டும். ஷைனி ஜன்னலைக் காட்டினாள்.

“அந்தக் கொடிக்கம்பம் ஏழு அடி சார்.”

“ஏழா? என்னம்மா நீங்க, முப்பது இருக்கும்!”

அலுவலரும் ஏலத்தில் இறங்கி ஒரு விலையைச் சொல்லிவிட்டார். பஜாருக்குப் புதிதாக வந்த வெளியூர்க்காரரைப் பார்க்கிற மாதிரி வகுப்பே அவரைப் பார்த்தது. கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான். வரதன்.

“முப்பதுக்குக் காரணம் சொல்லுங்க சார்.”

“காரணமா? பாத்தாலே தெரியுதேப்பா.”

“அது செல்லாது சார்!” என்றது வகுப்பு, ஒரே குரலில்.

அடுத்து கம்பத்தை அளக்க எல்லாரும் வெயிலில் நின்றார்கள். கம்பத்தின் நிழல் தரையில் நீண்டு கிடந்தது. அதோடு ஒப்பிட உயரம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அலுவலர் வசமாகச் சிக்கினார்.

“நான் அஞ்சே முக்கால் அடி.”

“தப்பா எடுத்துக்காதீங்க சார், அளந்துடலாம்” என்று ரோஜா டேப்பை நீட்டினாள். ஐந்தரைதான் வந்தது.

“ஷூவக் கழட்டிட்டு அளக்கணும்டி” என்றான் ஆகாஷ்.

“லூசு, நெழலும் ஷூ போட்டுக்கினுதான கீது? சார், ஆடாதீங்க!”

அலுவலர் ஆடாமல் நின்றார். அவர் நிழலைப் போல நாலு மடங்கு நீளம் கம்பத்தின் நிழல்.

“நாலு அஞ்சர இருவத்திரெண்டு!” என்று ஆகாஷ் குதித்தான். அலுவலர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். ஏலம் முடிகிற நேரத்தில் வரதன் குறுக்கே வந்தான்.

“இரு இரு. கம்பம் மேட மேல நிக்குது. நெழலு மேடையையும் சேத்துத்தான் காட்டும். மேட ரெண்டடி. அத்தக் கழிக்கணும். இருவது.”

ரோஜா மேடையில் டேப்பை வைத்துப் பார்த்தாள். சரியாக ரெண்டடி. பிறகு “மைனஸு! மைனஸு!” என்று கூச்சல் எழுந்தது. வரதன் முதல்முறையாக அந்தப் பெயருக்குச் சிரித்தான். அலுவலர் கைதட்டியதைச் சின்னதுரை பார்த்தார்.

“சார், டீ ஆறுது” என்றார்.

“இருங்க சார், எனக்கு எப்படி முப்பதுன்னு தோணிச்சுன்னு பாத்துட்டு வரேன்.”

அலுவலர் ஜீப் ஏறிப் போனதும் சின்னதுரை ஷைனியை அழைத்தார்.

“‘பி’ உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர். ஆனா நாலு ஜன்னலையும் சாத்திட்டுத்தான் நடத்தணும்.”

ஷைனி வாயைத் திறக்கவில்லை.

“சரி, மூணு.”

அவள் வெளியே கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு, டீச்சர். அதுக்குக் கீழ எறங்க மாட்டேன்.”

“காரணம் சொல்லுங்க சார்” என்றாள் ஷைனி.