கடை பெஞ்சில் அம்மா

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. போன ஆகஸ்டில் நடந்ததை இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று முறையும் தப்பு என் தம்பி ராவிரியுடையது என்றே சொன்னேன். எழுத உட்கார்ந்தால் கை ஓட மாட்டேன் என்கிறது.

முதல் தொடக்கம்: ‘கடல் நீலமாக விரிய, சாலை வளைந்து வளைந்து’ (வேண்டாம். எங்கள் ஊரான கிஸ்போர்னிலிருந்து வடக்கே போகிற சாலையில் அன்று கடலே தெரியவில்லை. ஒரே மழை.)

இரண்டாவது: ‘ஹூரியா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவள்’

அவள் என் அம்மா. பேர் சொல்லி எழுதினால் யாரோ மாதிரி இருக்கிறது.

2

அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில் கிஸ்போர்னில் புதைத்தோம். பிறந்த மண்ணான தே அராரோவாவுக்குக் கொண்டுவரவில்லை என்ற கோபத்தில் பெரியம்மா மத்தேரோவா சாவுக்கே வரவில்லை. ஓராண்டு கழித்து அம்மாவின் படத்தைப் பெரியம்மாவின் மராய்க்கு, அதாவது குலத்தார் கூடும் மண்டபத்துக்கு, எடுத்துப்போய் அழுது தீர்க்க வேண்டும். அதுதான் முறை. இருட்டுவதற்குள் வாசலில் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரலெடுத்து அழைப்பாள், வந்தவர்களில் ஒரு பெண் பதில் குரல் கொடுப்பாள். அழைக்காத வாசலில் ஓர் அடி வைக்க முடியாது.

எங்கள் பக்கத்தில் பதில் குரல் எப்போதும் அம்மாவுடையது. இப்போது என் முறை. பெரியம்மாவுக்குப் பயந்து ராவிரியைத் தவிர வேறு யாரும் வண்டியில் ஏறவில்லை.

(படம் என்று எழுதுகிறேன். வண்டியில் அப்படிச் சொல்ல மாட்டோம். பின்சீட்டில் அம்மா, இறகுப் போர்வை போர்த்தி, பெல்ட் போட்டு.)

3

பாதி வழியில், தோக்கோமாருவில் பசி வயிற்றைக் கிள்ளியது. கடையில் மீனும் கிழங்கு வறுவலும் வாங்கினோம்.

“அக்கா, அம்மாவப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் திங்கக் கூடாது, அது முறையில்ல. எறங்கி நின்னு தின்னுக்கலாம்.”

“இந்த மழையிலயா? எனக்குத் தொண்டை கட்டிக்கிட்டா பெரியம்மா வாசல்ல நீ கூவுவியா?”

“நான் கூவுனா அம்மாவே எந்திரிச்சு ஓடிரும்.”

ஆகவே மரியாதையாக அம்மாவைக் கடை வாசல் பெஞ்சில், தாழ்வாரத்தின் கீழே நனையாமல் உட்காரவைத்தோம். நாங்கள் வண்டிக்குள் சாப்பிட்டோம். பாதி வறுவல் மிச்சமிருக்கும்போது கடைக்காரப் பெண் கதவைத் தட்டினாள். “மண் சரிஞ்ச எடத்துல இப்பதான் வழி விடுறாங்களாம். விட்டீங்கன்னா இன்னும் ஒரு மணி நேரம்!”

இங்கே வரைவுகள் முட்டிக்கொள்கின்றன. ‘ராவிரி அம்மாவை எடுக்க மறந்துவிட்டான்.’ அடித்தேன். ‘இருவரும் மறந்துவிட்டோம்.’ அதையும் அடித்தேன்.

நடந்தது இது. ராவிரி வறுவல் காகிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு ஓடிவந்து, “அம்மா ஏறியாச்சா?” என்று கேட்டான். நான் பதில் குரலின் முதல் வரியை நூறாவது தடவையாக முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்: ‘உங்கள் தங்கையைப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறோம்.’ திரும்பிப் பார்க்காமலே, “ஆச்சு ஆச்சு, எடு” என்றேன்.

4

மண் சரிவைத் தாண்டி அடுத்த ஊரான ருவாத்தோரியா வந்ததும்தான் கண்ணாடியில் பார்த்தான்.

“அக்கா. அம்மா எங்க?”

பெல்ட் காலி இருக்கையில் தொங்கியது. அவன் திட்டவில்லை, வண்டியைத் திருப்பினான். திட்டியிருக்கலாம். மண் சரிவில் மறுபடி நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் ஆகஸ்ட் குளிர்காலம், வெளிச்சம் ஐந்தரைக்கெல்லாம் போய்விடும். அம்மா தனியாக இருக்கிறாள் என்பதைவிட, பெரியம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றே அதிகம் நினைத்தேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

பெஞ்சில் அம்மா தனியாக இல்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“உங்கம்மாவா? தனியா விட மனசு வரல. ஊர் வம்பு எல்லாம் சொல்லி முடிச்சிட்டேன்.”

ராவிரி கேட்டான்: “அம்மா என்ன சொன்னாங்க?”

“புள்ளைங்க வந்துரும்னு சொல்லுச்சு.”

நான் அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஐயா, இத யார்கிட்டயும் சொல்லிராதீங்க” என்றேன்.

“என் வாயில இருந்து ஒரு சொல்லு வெளிய வராது.”*

* அந்தக் கடற்கரையில் இந்த வாக்கியத்துக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

5

முதல் முடிவு: இருட்டிவிடுகிறது, யாரும் அழைக்கவில்லை, திரும்பிப் போகிறோம். (வழியெல்லாம் இதைத்தான் மனத்துக்குள் எழுதிக்கொண்டிருந்தேன்.)

இரண்டாவது: நான் பெரியம்மாவின் காலில் விழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், அவள் என்னை (சினிமா. வேண்டாம்.)

நடந்ததில் பாதி இது. மராய் வாசலில் நின்றபோது கொஞ்சம்தான் வெளிச்சம் மிச்சமிருந்தது. அம்மாவை நெஞ்சோடு அணைத்திருந்தேன். எதிரே மண்டப முகப்பில் பெரியம்மா கறுப்பு உடையில் நின்றாள். பிறகு அந்தக் குரல் எழுந்தது.

“வாடி என் தங்கச்சி, வா! பொறந்த மண்ணத் தொடாம போனவளே, வா! மழையில கடை பெஞ்சுல காத்துக்கெடந்தவளே, வா! உன்ன விட்டுட்டுப் போன உன் மகளையும் கூட்டிட்டு உள்ள வா!”

ராவிரி என் முதுகைத் தொட்டான். “அக்கா, உன்னத்தான்.”

நூறு தடவை பழகிய என் முதல் வரி எதற்கும் உதவாமல் போயிற்று. வாயைத் திறந்தேன்.

என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். நான் எழுதினால் என்னை நல்லவளாக்கிவிடுவேன், மூன்று முறை செய்தவள்தானே. வாசலில் நீங்கள் நில்லுங்கள், பதிலை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். இருட்டிக்கொண்டு வருகிறது, அம்மா கையில் கனக்கிறாள்.