அமிர்தவல்லி தொட்ட காசு

1

தலைப்பில் ஒரு பொய் இருக்கிறது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அமிர்தவல்லியின் விரல் அந்தத் தங்கக் காசின்மேல் பட்டதே இல்லை. பட்டதாக ஒரு கதை எழுதித் தரும்படி அவருடைய கணவர் பச்சைமுத்து என்னைக் கேட்டார். கேட்டது, சென்ற மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், செஞ்சியில் என் வீட்டுச் சன்னலருகே. அமிர்தவல்லி இறந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

“கததான சார்? தொட்டான்னு எழுதிட்டா எவன் வந்து கேக்கப்போறான்?” என்றார்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். ‘நான் கண்ட கோட்டை’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், ராஜகிரியின் முதற்படியைக்கூட மிதிக்காமல் உச்சியில் நின்று கண்ட காட்சியை வருணிக்கும் மாணவனுக்குச் சுழியம் போட்டவன். ஆகவே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. ஏன் மறுக்க முடியவில்லை என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். அதற்குள் எனக்குத் துணிவு வந்திருந்தால்.

2

முதல் தொடக்கம்:

‘சிங்கவரத்தில் பச்சைமுத்து என்றொரு மின்கம்பியாளர் வாழ்ந்து வந்தார்.’

(அவர் தம்மை லைன்மேன் என்றுதான் சொல்வார். நானும் நாற்பது ஆண்டுகளாக அவரை அப்படித்தான் அறிவேன். மாற்றுகிறேன்.)

சிங்கவரத்தில் பச்சைமுத்து என்றொரு லைன்மேன் இருந்தார். ரப்பர் உறை மாட்டாமல் அவர் எந்தக் கம்பியிலும் கை வைத்ததில்லை. அவசரத்தில் வெறுங்கையை நீட்டிய இருவரைக் கம்பத்திலிருந்து இறக்கிய தோள் அவருடையது. தொடுவதற்கு முன் ஒருமுறை நின்று யோசிக்கும் வழக்கம் அப்படித்தான் அவர் உடம்பில் ஊறியது. ஓய்வு பெற்ற பின்னும் அது போகவில்லை. தங்கக் காசு சேர்க்கத் தொடங்கியபோது அதுவே அவருக்குப் பெரிய தகுதியாகவும் ஆகிவிட்டது.

செஞ்சி என்றதும், கோட்டைக்குள் புதைந்து கிடந்த பழைய வராகன் காசை நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அது வேறொருவர் எழுத வேண்டிய கதை. இவை இந்தக் காலத்துக் காசுகள். இயந்திரம் அடித்து, பிளாஸ்டிக் அட்டைக்குள் முத்திரையிட்டு, ‘குறையற்றது’ என்று சான்றிதழும் சேர்த்து அனுப்பப்படுபவை. பழங்காசு தேய்ந்திருந்தால் அதை வரலாறு என்று சொல்லிக் கொண்டாடுகிறோம். புதுக்காசில் மயிரிழை அளவு கீறல் இருந்தால், அது கீறல்தான். வேறு பெயர் கிடையாது.

அவருக்கு இந்தப் பித்தைப் பிடிக்க வைத்தவன் நான். ஞாயிறுதோறும் டிவிஎஸ் வண்டியில் செஞ்சிக்கு வருவார். சன்னல் வெளிச்சத்தில், பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு, இருவரும் காசுகளைத் திருத்துவோம். திருத்துவோம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். விடைத்தாள் திருத்துவது போலத்தான் செய்தோம். விளிம்பில் நசுங்கல் இருந்தால் இரண்டு மதிப்பெண் குறைப்பேன். காசில் பொறித்த தாமரை இதழின் கோடு மழுங்கியிருந்தால் மூன்று. அவரிடம் பதினொரு காசுகள் இருந்தன, என்னிடம் ஒன்பது. எதற்கும் தொண்ணூற்றேழுக்குமேல் நான் போட்டதில்லை.

ஒன்றைத் தவிர.

3

இவ்விடத்தில் பச்சைமுத்து என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு ஐயம் வருகிறது. இதுவரை படித்தவர்கள் அவரைக் கஞ்சன் என்றோ, பொன்னாசை பிடித்தவர் என்றோ எண்ணியிருப்பார்கள். அவர் எந்தக் காசையும் விற்றதில்லை. விற்க நினைத்ததும் இல்லை. உலகத்தில் ஒரே ஒரு பொருளாவது பிசகில்லாமல் தம் வீட்டில் இருக்க வேண்டும் என்று விரும்பினார். ஒழுகும் கூரையின்கீழ் பிறந்து, பிறர் உடுத்திக் கழித்த சட்டையில் பள்ளிக்கூடம் போன மனிதருக்கு அந்த ஆசை வருவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

அந்த ஒரு காசு எட்டுக் கிராம். அமிர்தவல்லி சிங்கவரத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து, சீட்டுக் கட்டிச் சேர்த்ததில் வாங்கியது. அதை அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நோட்டில் நூறு என்று எழுதினேன். பச்சைமுத்துவுக்குத் தம் மகள் மஞ்சு பத்தாம் வகுப்பில் தேறிய நாள்கூட இவ்வளவு இனித்ததில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்தப் பேச்சை அவரே எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்:

“நூறு மார்க் வாங்குன புள்ளைய இந்தாண்ட குடு மஞ்சு நைனா, பாப்போம்.”

“பாரு. தொடாத.”

“பெத்தவ தொடக்கூடாதா? எங்காசுதான அது?”

“அதுக்கில்ல அமிர்தம். கைபட்டா மார்க் போயிடும்.”

“எத்தினி புள்ளைங்களுக்குச் சோறு போட்ட கையி இது! ஒண்ணாவது வயித்து வலின்னு வந்து நின்னுச்சா? உங்காசுக்கு மட்டும் என் கையி ஆவாதாக்கும்.”

அவர் சிரித்தார். அமிர்தவல்லியும் சிரித்தார். காசு பீரோவுக்குள் போயிற்று.

(முதல் வரைவில் கணவரை ‘அவர்’ என்றும் மனைவியை ‘அவள்’ என்றும் எழுதியிருந்தேன். என் பேனா தானாகவே அப்படிப் போயிற்று. அடித்துத் திருத்தியிருக்கிறேன். மற்றதைத் திருத்துவது இத்தனை எளிதாக இல்லை.)

4

இனி, பச்சைமுத்து கேட்ட இடம்.

புரட்டாசி மாதம். மருத்துவமனையில் ஒரு சிறிய அறை. அமிர்தவல்லியின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. கால்கள் வீங்கியிருந்தன. சோறு வேண்டாம் என்றார். மகளைப் பார்த்தாயிற்று, பேரனைப் பார்த்தாயிற்று. பிறகு கணவரிடம், “அந்த நூறு மார்க்க எடுத்தா. ஒரே ஒரு வாட்டி கையில வெச்சிப் பாத்துட்டுக் குடுத்துடறேன்” என்று கேட்டார்.

பச்சைமுத்து மறுநாள் காலை சட்டைப்பையில் வைத்து எடுத்து வந்தார். அட்டையின் விளிம்பில் நகத்தை வைத்தார். அப்புறம்,

‘பச்சைமுத்து அட்டையைப் பிரித்து, காசை எடுத்து, அவர் உள்ளங்கையில்’

‘அவர் உள்ளங்கையில் பச்சைமுத்து அந்தக் காசை’

‘காசு அவர் உள்ளங்கையில்’

மூன்று முறை எழுதினேன். வினைச்சொல் வரவில்லை. எழுவாயை மாற்றினேன், செயப்பாட்டு வினையாக்கிப் பார்த்தேன், ஒரு நாள் முழுவதும் விட்டுவிட்டு மறுநாள் உட்கார்ந்தேன். காசு அந்தக் கையை நோக்கிக் கிளம்புகிறது. போய்ச் சேர மறுக்கிறது. முடியாத இம்மூன்று வரிகளையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன். இவை முடியாமல் போனதற்குக் காரணம் நடையில் இல்லை.

5

அந்த அறையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். பச்சைமுத்து என்னிடம் கதையைச் சொன்ன போதெல்லாம் அந்த ஒருவரை விட்டுவிட்டுத்தான் சொன்னார். அவருடைய பெருந்தன்மை அது. நானும் அதைப் பயன்படுத்திக்கொண்டு, நான்காம் பகுதியில் அந்த ஆளை ஒளித்துவிட்டேன்.

நலம் விசாரிக்கப் போயிருந்தேன். பழம் வாங்கிப் போயிருந்தேன். கட்டிலருகே இருந்த ஒரே நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

பச்சைமுத்துவின் நகம் அட்டை விளிம்புக்குள் பாதி நுழைந்திருந்தது. அப்போது நான் சொன்னேன்:

“வேண்டாம் பச்சைமுத்து. முத்திரை பிரிந்தால் போச்சு. விரலில் உப்பு இருக்கும். ஒருமுறை படிந்தால் எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. நூறு நூறாக இருக்காது.”

அமிர்தவல்லி என் பக்கம் தலையைத் திருப்பினார்.

“இன்னா சார், நான் தொட்டா தீட்டா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

(அச்சொல்லை என் வகுப்பில் எவனாவது சொன்னால், அந்தப் பாடவேளை முழுவதும் அவனை வெளியே நிற்க வைப்பேன். இது உண்மை. என் தகப்பனார் காலத்தில், எங்கள் வயலில் நாற்று நட வந்தவர்களில் அமிர்தவல்லியின் தாயாரும் ஒருவர். அவருக்கு எங்கள் வீட்டில் தண்ணீரை உயரத்திலிருந்து கைக்குள் ஊற்றினார்கள். இதுவும் உண்மை. அமிர்தவல்லிக்கு இரண்டாவது தெரியும். முதலாவது தெரிந்திருக்க நியாயமில்லை.)

நான் பதில் சொன்னேன். “அப்படி இல்லை அம்மா. யார் தொட்டாலும் அப்படித்தான். நானே கையுறை போட்டுத்தான் தொடுவேன்” என்றேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டது அதையன்று. சாகக் கிடந்த ஒரு பெண் தன் உழைப்பில் வாங்கிய பொருளைக் கையில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் உப்பைப் பற்றிப் பாடம் நடத்தினேன்.

பச்சைமுத்து நகத்தை எடுத்துவிட்டார். லைன்மேன் அல்லவா, ‘தொடாதே’ என்று ஒரு குரல் கேட்டால் அவர் கை தானாகப் பின்வாங்கும். அட்டையை அப்படியே மனைவியின் கையில் வைத்தார். அமிர்தவல்லி பிளாஸ்டிக்கை விரல் நுனியால் இரண்டுமுறை தட்டினார்.

“கண்ணாடித் தொட்டியில மீன் பாக்குற மாரி இருக்குது. இந்தா, எடுத்தும்போ.”

மூன்றாம் நாள் இறந்தார்.

6

தை மாதத்தில் பச்சைமுத்து அந்தக் காசோடு வந்தார். வண்டியை நிறுத்தும்போதே முகம் சரியில்லை. அட்டையை என் முன் வைத்தார். முத்திரை பிரியவில்லை. ஒரு கையும் உள்ளே போகவில்லை. ஆனால் தாமரையின் இடப்புற இதழில், கடுகில் கால்வாசி அளவுக்கு, சிவப்பாக ஒரு புள்ளி.

கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த குறைதான். அச்சடிக்கும்போது செம்புத் தூளில் ஒரு துகள் தங்கத்துக்குள் அழுந்திவிடும். அன்றைக்குத் தெரியாது. ஆண்டுகள் போனபின் மெல்லச் சிவந்து தலைகாட்டும். இதைத்தான் சான்றிதழ் போட்டு, ‘குறையற்றது’ என்று அச்சடித்து அனுப்புகிறார்கள்! எவரோ ஒருவர் பார்க்காமலே கையொப்பமிட்டிருக்கிறார். நான் பார்த்துவிட்டே நூறு போட்டேன். யாரை நோக்கிக் கோபப்படுவது?

“அப்ப நீங்க நூறு போட்டப்பவே இது உள்ள இருந்துச்சா சார்?”

“இருந்தது.”

“அவ கைய நீட்டுனப்ப?”

“இருந்தது.”

என் மனைவி கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஏடு கட்டியது. “பிரித்துவிடுங்களேன்” என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. “இப்பப் பிரிச்சி இன்னா பண்றது?” என்றார். அடுத்த மாதம்தான் கதை கேட்டு வந்தார்.

மாற்று முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். ஒன்றில், புள்ளி காசில் இல்லை. பச்சைமுத்துவின் கண்ணில் புரை. மருத்துவர் சொன்னதும் எல்லோரும் நிம்மதியடைகிறார்கள். என் கண்ணிலுமா புரை? கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் மஞ்சு சென்னையிலிருந்து வந்து, “உருக்கி ஒரு கம்மல் பண்ணிடு நைனா, புள்ளி போயிடும்” என்கிறாள். இதை அவள் உண்மையிலேயே சொன்னாள். நல்ல மனத்தோடுதான் சொன்னாள். ஆனால் கதையில் பச்சைமுத்து ஆசாரி கடை வாசல்வரை போய்விட்டு, உள்ளே காலெடுத்து வைக்க மாட்டேன் என்கிறார். என்னால் அவரைத் தள்ள முடியவில்லை.

மூன்றாவதில் அவர் இடுகாட்டுக்குப் போய், மண்ணைத் தோண்டி… வேண்டாம். இதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

இவை எதிலும் அமிர்தவல்லி உயிரோடு இல்லை. பச்சைமுத்து கேட்டது, உயிரோடு இருக்கும் ஒரு கையை.

7

போன ஞாயிறு, ஆறு பகுதிகளையும் அவரிடமே கொடுத்தேன். ஒவ்வொரு வரியின் கீழும் விரலை ஓட்டிப் படித்தார். ஐந்தாம் பகுதியில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓடியது. நான் சன்னலுக்கு வெளியே, பேருந்து நிலையத்துக்குப் போகும் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நடந்தத நடந்த மாரியே எழுதிட்டீங்க” என்றார்.

“ஆமாம்.”

“நான் கேட்டது இது இல்லியே சார்.”

“பொய் எழுத வரவில்லை, பச்சைமுத்து.”

“பொய் வேணாம். நீங்க கொஞ்சம் வெளிய போங்க.”

“எங்கே?”

“கதையில சார். அந்த ரூம உட்டு எழுந்து வெளிய போங்க. நீங்க நாற்காலியில குந்திகினு இருந்தீங்கன்னா அவ கைய நீட்ட மாட்டா. நானும் பிரிக்க மாட்டேன். மூணு வரியும் அதான் நின்னுபோச்சி.”

அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஆகவே எழுதுகிறேன்:

பச்சைமுத்துவின் நகம் அட்டை விளிம்பில் இருக்கிறது. நாற்காலியில் இருந்த ஆசிரியர் ஏதோ சொல்ல வாய் திறக்கிறார். சொல்லவில்லை. எழுந்து, அறைக்கு வெளியே வந்து, கதவைச் சாத்துகிறார்.

நான் இப்போது தாழ்வாரத்தில் நிற்கிறேன். சுவரோரம் யாரோ விட்டுப்போன தூக்குச்சட்டி. குழாயில் நீர் சொட்டுகிறது. புரட்டாசியில் அந்த அறையை விட்டு யாரும் வெளியே வரவில்லை என்பதை நான் அறிவேன். ஆகவே இந்தத் தாழ்வாரம் எங்கும் இல்லை என்பதையும் அறிவேன். ஆனாலும், என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவன் அந்தப் பக்கம் நடப்பதை எழுத முடியாது.

நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். உங்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. அங்கே பார்ப்பதை என்னிடம் சொல்ல வேண்டாம். எனக்கு அதற்கு உரிமையில்லை. சிங்கவரத்தில் லைன்மேன் பச்சைமுத்து வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். இதுவரை ஒரு சத்தமும் இல்லை.