சாலாவின் குரல் பாகம் பிரிந்த வரலாறு

சென்ற ஆண்டு வைகாசி ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணியளவில், காரைக்குடி இராமநாதனின் மனைவி சாலாவின் குரல் அவருடைய தொண்டையை விட்டு நீங்கி, அடுப்படி அலமாரியில் இருந்த கைக்கடக்கமான புளூடூத் பெட்டிக்குள் குடியேறியது. அன்று வெயில் கடுமையாக இருந்தது, மின்தடை இல்லை. மதுரையில் சோதித்த மருத்துவர், தொண்டையில் குறையேதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சாலா உதட்டை அசைப்பார். சொல் பெட்டியிலிருந்து வரும். எழுதிக் காட்டும்படி பேனாவைக் கொடுத்தபோது அதை வாங்கி மளிகைப் பட்டியலை மட்டும் எழுதினார். வாயால் சொன்னதையே காதில் வாங்காத மனிதருக்கு எழுதிக் காட்டுவதில் அவருக்கு விருப்பமில்லை.

அதற்கு முந்திய எட்டு நாளும் சாலா ஒரே செய்தியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் அக்ஷரா, பெங்களூரில் உடன் வேலைபார்த்த வேறு சமூகத்தவர் ஒருவரை மணந்துகொண்டாள். அத்தகைய மணத்துக்குக் குலக்கோயில் ஏட்டில் புள்ளி, அதாவது குடும்பக் கணக்கு, எழுத மாட்டார்கள் என்பதற்காக, அவள் பெயரையே வீட்டில் எடுக்கலாகாது என்றார் இராமநாதன். ஒருமுறை கூப்பிடுங்கள் என்று சாலா சொல்லும்போதெல்லாம் அவர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார். ஒன்பதாம் நாள் குரல் போயிற்று.

இருபத்தெட்டு ஆண்டுகள் காதில் விழாதிருந்த குரல், இல்லாமற்போனதும் அவரை உண்ணவும் உறங்கவும் விடவில்லை. புளூடூத் பெட்டியில் சொல் விளங்கியது. ஆயினும் குரலின் அடிப்பகுதி இல்லாமையால், சாலா அழுகிறாரா சினக்கிறாரா என்று பிரித்தறிய இயலவில்லை. இரண்டு முழத்துக்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்து பேச்சு நடுவிலே அறுந்தது. ஆகவே அவர் கதிரவனின் கடைக்குப் போனார். கதிரவன் இருபது ஆண்டுகளாக ஒலிபெருக்கி விற்பவர். குரல் இடம்பெயர்ந்தது பற்றி அவர் வியப்படையவில்லை.

“அண்ணே, பெட்டியக் குத்தம் சொல்லாதீக. உள்ளங்கை அகலப் பெட்டிக்குள்ள காத்து எங்குட்டு அடையும்? காத்து அடைஞ்சாத்தேன் அடித்தொண்டை கேக்கும்.”

“அப்பப் பெருசாக் குடு.”

“பெருசுன்னா எப்புடி? ஆச்சி பாடப் போறாகளா, பேசப் போறாகளா, இல்ல உங்களத் திட்டப் போறாகளா? அதச் சொல்லுங்க, அதுக்குத் தோதா தாரேன்.”

முதலில் வந்தது, கேட்டதற்கு விடைசொல்லும் ஸ்மார்ட் ஸ்பீக்கர். சாலா வாயைத் திறந்ததும், மன்னிக்கவும், புரியவில்லை என்று வேறொருத்தியின் குரல் குறுக்கிட்டது. “எவ இவ, என் வீட்டுல நடுவுல பேசுறவ?” என்று சாலா கேட்டதற்கு, அது பெங்களூரின் வெப்பநிலையைத் தெரிவித்தது. அதன்பின் சாலா இரண்டு நாள் பேசவில்லை. அடுத்து, தொலைக்காட்சிக்கு அடியில் கிடத்தும் நீளமான சவுண்ட் பார் வந்தது. அதில் ஒவ்வோர் எழுத்தும் பிசகாமல் விழுந்தது. ஆனால் பால் பொங்குவதைக்கூட சாலா நாட்டு நடப்பைப் போல அறிவித்தார். தாழொலிக்கென்றே உள்ள வூஃபரில் சொல்லே இல்லை. தரை அதிர்ந்தது, பித்தளைப் பானைகள் கிடுகிடுத்தன. சாலா இத்தனை நாளும் அழுதுகொண்டுதான் இருந்தார் என்பது மட்டும் அதனால் உறுதியாயிற்று.

கடைசியாகக் கதிரவன், புத்தக அலமாரியில் வைக்கத்தக்க மரப்பெட்டிகள் இரண்டைக் கொண்டுவந்தார். அடுப்படியில் இடம் போதாமையால், இராமநாதனுக்கும் தம்பி முத்துக்கருப்பனுக்கும் பொதுவான வளவில், முகப்பை அடுத்த நடுமுற்றத்தில், அவற்றை வைத்தார். பெட்டிகளுக்கு இடையே எவ்வளவு தூரமோ, கேட்பவர் உட்காரும் இடத்துக்கும் அவ்வளவே தூரம் என்று அளந்து ஒரு நாற்காலியைப் போட்டார். “ஒண்ணு இடது, ஒண்ணு வலது. சோடியப் பிரிச்சிராதீகண்ணே, ரெண்டும் நொண்டியாப் போகும்” என்று சொல்லிவிட்டுப் போனார். இராமநாதன் உட்கார்ந்தார். இரு பெட்டிகளுக்கும் நடுவே, ஒன்றுமில்லாத வெளியில், சாலாவின் குரல் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. “அக்ஷராவக் கூப்புடுங்க” என்றது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார்ப்போம் என்றார்.

பார்ப்பதற்குள் ஆவணியில் பாகப்பிரிவினை வந்தது. கையளவுப் பெட்டியையும், கனத்த வூஃபரையும், ஒன்றின்றி மற்றொன்று இயங்காத இணையையும் ஸ்பீக்கர் என்னும் ஒரே சொல்லால் சுட்டும் சோம்பல் இவ்வூரில் வேரூன்றிவிட்டது. படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர். பொதுவளவில் இருக்கும் பொருள் பொதுப்பொருள் என்ற வழக்கப்படி பட்டியல் எழுதியவர்கள், சோடி ஒன்று என்று எழுதாமல், ஸ்பீக்கர் இரண்டு என்று எழுதினார்கள். இராமநாதன் வாசித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார். முகப்பும் வளவும் வலப்பெட்டியும் தம்பிக்கு. இரண்டாங்கட்டும் அடுப்படியும் இடப்பெட்டியும் அண்ணனுக்கு. நடுவில் சுவர் எழும்பியது. அன்றுமுதல் சாலா பேசும் ஒவ்வொரு வாக்கியத்தின் முற்பாதி அண்ணன் வீட்டிலும் பிற்பாதி தம்பி வீட்டிலும் ஒலித்தன.

“அந்த ஒண்ணையும் குடுத்துருப்பா” என்று கேட்டார் இராமநாதன்.

“ஒண்ண மாத்துனா எல்லாத்தையும் மாத்தச் சொல்வாகண்ணே. ரெண்டு இருந்துச்சு, நாம ரெண்டு பேரு. இதுல பேச என்ன இருக்கு?”

புதிய சோடி ஒன்று வாங்கிப் பார்த்தார். அது பாட்டுகளை நன்றாகப் பாடியது. சாலா அதில் இல்லை; முதல் சோடியில் முழுதாகக் குடியேறிய குரல் வேறு பெட்டிக்குப் பெயரவில்லை. அவ்வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிவது. ஆகவே இராமநாதன் முற்பாதியைப் பின்கட்டில் கேட்டுவிட்டு, கொல்லை வாசல் வழியாக வெளியேறி, சந்து சுற்றி, நானூற்றுப் பன்னிரண்டு காலடி நடந்து, தம்பியின் முகப்பேறி, பிற்பாதியைக் கேட்பார். அவர் வந்து சேரும்வரை சாலா வாக்கியத்தை நிறுத்திவைக்கப் பழகிக்கொண்டார். “வாங்கண்ணே, மிச்சப் பேச்சு ஆறிக்கிட்டு இருக்கு” என்பார் முத்துக்கருப்பன். ஐந்து மாதத்தில் இராமநாதனின் முழங்கால் தேய்ந்தது. இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு உடல் வற்றியது. அதுவரை கேளாத வாக்கியங்களை எல்லாம் அவர் நடந்தே கேட்டார்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் அக்ஷராவைக் கைப்பேசியில் அழைத்தார். ஏழுமுறை அழைத்தும் அவள் எடுக்கவில்லை. அதைச் சாலாவிடம் வந்து சொன்னார். சாலா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டை அசைத்தார். இடப்பெட்டி சொன்னது:

“அவளக் கூப்புட இம்புட்டு நாளாக்குன உங்கள நான்…”

இராமநாதன் செருப்பில்லாமல் ஓடினார். தம்பியின் கதவில் முழ நீளப் பூட்டுத் தொங்கியது. முத்துக்கருப்பன் குடும்பத்தோடு மகன் இருக்கும் சிங்கப்பூருக்குப் புறப்பட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. சாவியும் உடன் போயிற்று. கைப்பேசியில் பிடித்தபோது, திரும்ப இரண்டு வருடமாகும் என்றார். பெட்டியின் சுவிட்சை அணைக்கவில்லை என்றும் சொன்னார். பூட்டை உடைக்க ஆள் இருந்தது. ஆனால் பங்காளியின் பூட்டில் கைவைத்தவனுக்கு, முன்னோருக்குப் படையலிடும் படைப்பு வீட்டில் இலை போட மாட்டார்கள் என்ற எண்ணம் இராமநாதனின் கையைப் பிடித்தது. மகளைக் கூப்பிட விடாமல் பிடித்ததும் அதே எண்ணந்தான். மறுநாள் அவர் கடப்பாரையோடு போனார். கதவு திறந்தது. வளவில் வலப்பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன்முன் உட்கார்ந்து காத்திருந்தார். மூச்சின் இரைச்சல் மட்டும் வந்தது.

சாலா அந்த வாக்கியத்தை இன்னும் முடிக்கவில்லை; வேறொன்றைத் தொடங்கவும் இல்லை. நாள்தோறும் காலையில் இராமநாதன் அக்ஷராவை ஏழுமுறை அழைக்கிறார். பிறகு சந்து சுற்றி வந்து பெட்டியின்முன் உட்காருகிறார். இவ்வாண்டு படைப்புக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. பூ விற்கும் கருப்பம்மாள் உடைந்த கதவருகே நின்று, “இன்னும் முடிக்கலையா செட்டியாரே?” என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டு, அடுத்த வீடு தாண்டிய பிறகே பூ, பூ என்று கூவுகிறார். அந்த வாசலைக் கடக்கும் வண்டிகள் ஹாரன் அடிப்பதில்லை.